பீடத்தை நோக்கிப் பாடும் இசை

கிறிஸ்துமஸ் வந்துவிட்டால் நம் ஊர் சி.எஸ்.ஐ. ஆலயங்களில் 'பக்தரே வாரும்' ஒலிக்காமல் இருக்காது. அந்தப் பாட்டின் மூலம் லத்தீன். இன்று ஆங்கிலம் பேசும் நாடுகளில் எல்லாரும் பாடும் வடிவத்துக்கு அடிப்படையான மொழிபெயர்ப்பு 1841-ல் லண்டனில் உருவானது. ஆக்ஸ்ஃபோர்டு தெருவுக்குச் சற்று வடக்கே, மார்கரெட் தெருவில் இருந்த ஒரு சின்ன ஆலயத்தின் குருவானவர் ஃபிரெடரிக் ஓக்லி அதைத் தம் சபையார் பாடுவதற்காக எழுதினார். அந்தச் சின்ன ஆலயம் இப்போது இல்லை. அது நின்ற இடத்தில் 227 அடி கோபுரத்தோடு ஆல் செயின்ட்ஸ் ஆலயம் நிற்கிறது.

ஆங்கிலோ-கத்தோலிக்க ஆலயம் என்றால் என்ன, அங்கே பாடகர் குழுவும் பழைய குழாய் ஆர்கனும் ஏன் இவ்வளவு முக்கியம் என்று புரிந்துகொள்ள இந்த ஒரு ஆலயமே போதும். அதனால் இந்தக் கட்டுரையைப் பெரும்பாலும் மார்கரெட் தெருவிலேயே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் பெயர். இங்கிலாந்துத் திருச்சபை 16-ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவரின் அதிகாரத்திலிருந்து பிரிந்தது. பிரிந்தபின் அது புராட்டஸ்டன்ட் சபையா, அல்லது ரோமை விட்டு விலகிய அதே பழைய கத்தோலிக்கத் திருச்சபையா என்ற கேள்வி உள்ளுக்குள் தீராமலே இருந்தது. 1833 ஜூலை 14 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் கீபிள் ஆற்றிய ஒரு பிரசங்கத்திலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு இயக்கம் கிளம்பியது. கீபிள், நியூமன், பியூசி ஆகியோர் அதன் முன்னோடிகள். நாம் அப்போஸ்தலர் காலத்திலிருந்து தொடரும் திருச்சபை, புதிதாகத் தொடங்கிய ஒன்றல்ல என்பது அவர்கள் வாதம். அந்த வழியில் வந்தவர்களே ஆங்கிலோ-கத்தோலிக்கர். போப்பின் கீழ் இல்லை, ஆனால் திருவிருந்தைத் திருப்பலி என்றே சொல்வார்கள். பீடத்தில் மெழுகுவர்த்தி எரியும், தூபம் போடுவார்கள், குருவானவர் பூவேலை செய்த திருவுடை அணிவார்.

இதெல்லாம் அன்று சாதாரண விஷயம் அல்ல. 1874-ல் இப்படிப்பட்ட சடங்குகளை அடக்கவே பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அதன் பெயரில் ஆர்தர் டூத் என்ற குருவானவர் 1877-ல் சிறைக்கே போனார். மெழுகுவர்த்திக்கும் திருவுடைக்கும் சிறை என்றால் நமக்கு வியப்பாக இருக்கும். அந்த மக்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. அவர்கள் இசையின் மேல் வைத்த அக்கறையும் அதே இடத்திலிருந்து வந்ததுதான்.

ஓக்லியின் சின்ன ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர் ரிச்சர்ட் ரெட்ஹெட். இங்கிலாந்தில் 'பிளவுண்ட மலையே' பாட்டை அதிகம் பாடும் மெட்டு இவருடையது. இருவரும் சேர்ந்து 1843-ல் வேதாகமத்தின் சங்கீதங்களைப் பழைய கிரகோரியன் மெட்டுகளில் பாட ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். ஆங்கிலிக்க, அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின், வழிபாட்டுக்காக வந்த அத்தகைய புத்தகங்களில் அதுவே முன்னோடி. இரண்டு வருடம் கழித்து ஓக்லி ரோமன் கத்தோலிக்கத்துக்கே போய்விட்டார். ரெட்ஹெட் இங்கேயே இருந்தார். 1850-ல் சகல பரிசுத்தவான்கள் திருநாள் அன்று பியூசி புதிய ஆலயத்துக்கு மூலைக்கல் வைத்தார். வில்லியம் பட்டர்ஃபீல்டின் வடிவமைப்பில், பல நிறச் செங்கல்லில் எழுந்த ஆலயம் 1859-ல் பிரதிஷ்டை ஆனது. நெருக்கடியான ஒரு துண்டு நிலத்தில் ஆலயம், குருமனை, பாடகர் பள்ளி மூன்றையும் அவர் அடுக்கி நிறுத்தினார்.

இப்போது விஷயத்துக்கு வரலாம். அங்கே பாடகர் குழு என்ன பாடுகிறது?

ஞாயிறு காலை ஆடம்பரத் திருப்பலி. நம் ஊர்க் கத்தோலிக்கப் பெரியவர்கள் 'பாட்டுப்பூசை' என்று சொன்னது போன்றதுதான். இதில் இரண்டு வகைப் பாடல்கள். எந்த நாள் ஆனாலும் சொல் மாறாதவை ஒரு வகை: ஆண்டவரே இரக்கமாயிரும், உன்னதங்களிலே, விசுவாச அறிக்கை, தூயவர், செம்மறி. வழக்கமாக இந்த ஐந்துக்கும் ஒரே இசையமைப்பாளர் ஒரே தொகுதியாக இசை அமைப்பார். மேற்கத்திய இசை உலகில் 'மாஸ்' என்று ஒரு படைப்பைச் சொன்னால் அது இந்தத் தொகுதிதான். இன்னொரு வகை அந்தந்த நாளுக்கு உரிய சிறு பாடல்கள். பவனியாக உள்ளே வரும்போது ஒன்று, வாசகங்களுக்கு இடையில் ஒன்று, காணிக்கையின்போது ஒன்று, நற்கருணை வாங்கும்போது ஒன்று. இவற்றைப் பெரும்பாலும் கிரகோரியன் மெட்டில் பாடுவார்கள்.

கிரகோரியன் மெட்டு நம் காதுக்கு அந்நியமாகப் படாது. ஒரே ஒரு ராக ஓட்டம், எல்லாரும் அதையே பாடுவார்கள், தாளக்கட்டு கிடையாது. சொல்லின் நீளம் எப்படியோ அப்படியே சுரம் நீளும். விருத்தம் பாடும்போது தாளம் விலகி நிற்குமே, அந்த உணர்வுக்குப் பக்கத்தில் வரும். ஆனால் கமகம் இல்லை, வித்தை காட்டல் இல்லை. ஒருவர் குரல் தனியே தெரிந்தால் அது தப்பு.

பல்குரல் இசைதான் நமக்குப் புதியது. சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்று நான்கு குரல் வகைகள் நான்கு வெவ்வேறு மெட்டுகளை ஒரே நேரத்தில் பாடும். ஒன்று 'இரக்கமாயிரும்' என்று தொடங்கும். அது பாதி வழி போகும்போது இரண்டாவது குரல் அதே சொல்லை அதே வளைவில் எடுக்கும், பிறகு மூன்றாவது, பிறகு நான்காவது. எந்தக் குரலும் இன்னொன்றுக்குப் பின்பாட்டு அல்ல. முதல்முறை கேட்பவர்கள் எதைப் பின்தொடர்வது என்று தெரியாமல் திணறுவார்கள். ஒரு வழி சொல்கிறேன். முதல்முறை கேட்கும்போது அடிக்குரலை, அதாவது பாஸை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மேல்குரலை. மூன்றாம் முறை தானாகவே எல்லாம் சேர்ந்து கேட்கும்.

இதற்கு நான் முதலில் கைகாட்டுவது வில்லியம் பேர்டை. முதலாம் எலிசபெத் ராணியின் அரசவை ஆலயத்தில் பாடியவர், ஆனால் மனத்தளவில் கத்தோலிக்கர். கத்தோலிக்கத் திருப்பலி சட்டவிரோதமாக இருந்த காலத்தில் 1590-களில் மூன்று திருப்பலித் தொகுதிகளை அச்சிட்டார், மூன்று குரலுக்கு ஒன்று, நான்குக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று. அந்த நூல்களுக்குத் தலைப்புப் பக்கமே கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு வீடுகளுக்குள் ரகசியமாக நடந்த திருப்பலிகளுக்காக எழுதிய இசை அது. ஆகவே சின்னக் குழு, அடங்கிய ஒலி. தேவ ஆட்டுக்குட்டியை நோக்கி 'எங்களுக்குச் சமாதானம் தாரும்' என்று முடியும் இடத்தில் குரல்கள் ஒன்றோடொன்று உரசி உரசித்தான் அமைதிக்கு வரும். அந்த வரி அன்று பாடியவர்களுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று நினைக்காமல் என்னால் அதைக் கேட்க முடிவதில்லை. ஒளிந்து பாடிய அந்த இசையை ஆங்கிலிக்க ஆலயங்களே பிற்காலத்தில் வெளிப்படையாகப் பீடத்தின் முன் பாட ஆரம்பித்தன. ஆங்கிலோ-கத்தோலிக்கர் செய்த நல்ல காரியங்களில் இதை நான் முதல் வரிசையில் வைப்பேன்.

பேர்டு ஒரு முனை. பாலஸ்ட்ரினா, ஸ்பானியர் விக்டோரியா, ஹைடன், மோட்சார்ட், பிரெஞ்சுக்காரர் வியர்ன், ஆங்கிலேயர் ஹவல்ஸ் என்று பட்டியல் நீளும். மார்கரெட் தெருவில் 1907 முதல் 1939 வரை இசைப் பொறுப்பில் இருந்த வால்டர் வேல், ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் வழிபாட்டுக்கு ராக்மனினவ் அமைத்த இசையைக்கூட ஆங்கிலச் சொற்களுக்குப் பொருத்திப் பாட வைத்தார். ஒரு பங்கு ஆலயம், பேராலயம்கூட அல்ல, இப்படி வாரா வாரம் புதிது புதிதாகப் பாடியது.

பாடியது யார்? 1843-ல் தொடங்கி 1968 வரை அங்கே சிறுவர்களுக்கான பாடகர் பள்ளி இருந்தது. மேல்குரலைச் சிறுவர்களும், மற்றக் குரல்களை ஆண்களும் பாடினார்கள். நடிகர் லாரன்ஸ் ஒலிவியே அந்தப் பள்ளி மாணவர். 1917-ல் பள்ளி அரங்கேற்றிய 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் புரூட்டஸாக நடித்தபோதே பெரிய நடிகை எலன் டெரி அவரைக் கவனித்திருக்கிறார். பள்ளியை மூடியபின் பெரியவர்களே கொண்ட குழு வந்தது, பெண்களும் ஆண்களும் சேர்ந்து. சிறுவர் குரலின் அந்தத் தெளிவு போனதே என்று வருந்துபவர்கள் உண்டு. பெண்கள் பாடும் இடம் திறந்ததே என்று நான் மகிழ்கிறேன்.

சரி, ஆர்கன்.

நம் ஊர் ஆலயங்களில் காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியம் பார்த்திருப்பீர்கள். துருத்தி காற்றைத் தள்ளும், காற்று பித்தளை நாக்குகளை அதிரவைக்கும். குழாய் ஆர்கனும் காற்று வாத்தியம்தான், ஆனால் ஒலி பெரும்பாலும் நாக்கிலிருந்து வருவதில்லை, குழாயிலிருந்து வருகிறது. பெரும்பான்மைக் குழாய்கள் புல்லாங்குழல் போல வேலை செய்யும், ஒரு விளிம்பில் காற்று மோதி உள்ளிருக்கும் காற்றுத்தூண் அதிரும். மற்றவற்றில் ஆர்மோனியத்தைப் போல ஒரு பித்தளை நாக்கு இருக்கும், ட்ரம்பெட் மாதிரி கணீரென்று ஒலிப்பவை இவைதான்.

ஒரு குழாய்க்கு ஒரு சுரம், ஒரு குரல். அவ்வளவுதான் அதனால் முடியும். ஆகவே ஒரே குணமுள்ள ஒலிக்கு ஒவ்வொரு விசைக்கும் ஒன்றாக ஒரு வரிசைக் குழாய் வேண்டும். அந்த வரிசையைத் திறக்கும் குமிழுக்கு ஸ்டாப் என்று பெயர். ஸ்டாப்பின் மேல் '8' என்று எழுதியிருந்தால், அதன் மிகத் தாழ்ந்த குழாய் ஏறத்தாழ 8 அடி நீளம். '4' என்றால் ஒரு ஸ்தாயி மேலே, '16' என்றால் ஒரு ஸ்தாயி கீழே. 32 அடிக் குழாயின் அடிச்சுரம் நொடிக்கு 16 அதிர்வு. காது அதைக் கேட்பதைவிட, உட்கார்ந்திருக்கும் பெஞ்சு அதை உணரும்.

விசைப்பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு, மூன்று, நான்கு வரை இருக்கும். அதுபோகக் கால்களால் வாசிக்க ஒரு பலகை. ஒவ்வொன்றும் உண்மையில் ஒரு தனி ஆர்கன். 'கிரேட்' என்பது சபையாரைத் தாங்கும் திடமான ஒலி. 'ஸ்வெல்' என்பதற்கு ஒரு கதை இருக்கிறது, அதுவும் இன்னொரு ஆங்கிலோ-கத்தோலிக்க ஆலயத்தில் நடந்தது.

லண்டன் பாலத்தின் வடகரையில் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் கட்டிய செயின்ட் மேக்னஸ் ஆலயம் இருக்கிறது. 1921-ல் ஃபைன்ஸ்-கிளிண்டன் குருவானவராக வந்தபின்தான் அது ஆங்கிலோ-கத்தோலிக்க வழிக்கு முழுமையாகத் திரும்பியது. அதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே, 1712-ல், ஆபிரகாம் ஜோர்டன் அங்கே ஓர் ஆர்கன் செய்து வைத்தார். ஆர்கனுக்கு ஒரு குறை உண்டு. விசையை மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் குழாயின் ஒலி ஒரே அளவுதான். ஜோர்டன் ஒரு வரிசைக் குழாய்களை மரப்பெட்டிக்குள் அடைத்து, முன்பக்கம் நகரும் கதவு வைத்து, அதை வாசிப்பவர் காலால் திறந்து மூடும்படி செய்தார். கதவு மூடியிருந்தால் ஒலி தூரத்திலிருந்து வரும், திறக்கத் திறக்கப் பக்கத்தில் வரும். அதுதான் ஸ்வெல். இப்படிப்பட்ட ஆர்கன் இதற்குமுன் எங்கும் இருந்ததில்லை என்று அன்றைய பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தார். உள்ளே குழாய்கள் பின்னாளில் பெரும்பாலும் மாறிவிட்டன. செதுக்கு வேலை செய்த அந்த மரக்கூடு இன்றும் அப்படியே நிற்கிறது.

1712-ல் ஓர் ஆலயம் ஆர்கன் வாங்கியதே சின்ன விஷயமல்ல. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1644-ல், ஆலயங்களிலுள்ள ஆர்கன்களை அகற்றச் சொல்லிப் பாராளுமன்றம் ஆணையிட்டது. அதனால் அதற்கு முந்தைய ஆங்கில ஆர்கன்கள் ஏறத்தாழ முற்றாகவே அழிந்துவிட்டன. 1660-ல் மன்னராட்சி திரும்பியபின் எல்லாம் புதிதாக ஆரம்பம். கிராமத்து ஆலயங்கள் பலவற்றில் 19-ஆம் நூற்றாண்டு வரையிலும்கூட ஆர்கன் இல்லை, பின்பக்க மாடத்தில் ஃபிடிலும் கிளாரினெட்டும் பஸூனும் வைத்து ஊர்க்காரர்களே வாசித்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டு இயக்கத்தையொட்டி வந்த மாற்றத்தில் அந்த மாடக் குழுக்கள் போயின. வெள்ளை அங்கி அணிந்த பாடகர் குழு பீடத்துக்கு அருகே வந்து உட்கார்ந்தது, பக்கத்தில் ஆர்கனும் வந்தது. நான் நேசிக்கும் இந்த மரபு இன்னொரு மரபை விரட்டிவிட்டுத்தான் வந்தது. அந்த ஃபிடில்காரர்களை நினைத்தால் எனக்கு மனம் கனக்கும்.

மறுபடியும் மார்கரெட் தெரு. 1859-ல் ஹில் நிறுவனத்தின் ஆர்கன் அங்கே வந்தது. 1910-ல் வால்டர் வேல் போட்ட திட்டப்படி டரம் நகரின் ஹாரிசன் அண்ட் ஹாரிசன் அதைப் பெரிதாக்கிப் புதிதாகக் கட்டினார்கள். நான்கு விசைப்பலகைகள், 65 ஸ்டாப்புகள். ஒரு ஸ்டாப்புக்கு அறுபது குழாய் அளவில் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், குழாய்கள் ஆயிரக்கணக்கில் வரும். ஹில்லின் பழைய குழாய்களில் நல்லவற்றைத் தூக்கி எறியாமல் புதிய ஆர்கனுக்குள் சேர்த்தார்கள். பேராலயத்துக்கு வைக்கும் அளவு ஆர்கன் அது, ஆனால் ஆலயம் நடுத்தர அளவுதான். அப்படியானால் காது கிழிய வேண்டுமே? கிழியாது. காரணம் 'குரல் கொடுத்தல்' என்று சொல்லத்தக்க ஒரு கைவேலை. கைத்தேர்ந்த ஒருவர் ஒவ்வொரு குழாயின் வாயையும் கத்தியாலும் சிறு கருவிகளாலும் துளித்துளியாகத் திருத்தி, அந்தச் சுவர், அந்தக் கூரை, அந்த எதிரொலிக்கு ஏற்றபடி பேச வைப்பார். ஆகவே நல்ல ஆர்கனுக்கு அதன் கட்டடமும் ஓர் உறுப்பு. பிரித்து எடுத்து வேறு ஊரில் வைத்தால் அதே குழாய்கள் வேறு வாத்தியமாகிவிடும்.

1939 முதல் 1948 வரை இந்த ஆர்கனில் வாசித்தவர் வில்லியம் லாயிட் வெப்பர், இசைநாடகங்களால் புகழ்பெற்ற ஆண்ட்ரூவின் அப்பா. 1957-ல் ஆர்கனின் விசைகளைக் குழாய்களோடு இணைக்கும் இயக்கமுறை மின்சாரத்துக்கு மாறியது, 2003-ல் ஹாரிசன் நிறுவனமே மறுபடி பழுதுபார்த்தது.

பழைய ஆர்கனைப் பேணுவது சுலபமல்ல. வெயில் காலத்தில் காற்று சூடானால் புல்லாங்குழல் வகைக் குழாய்களின் சுருதி ஏறும், நாக்குள்ள குழாய்கள் கிட்டத்தட்ட அங்கேயே நிற்கும், இரண்டும் ஒத்துப்போகாது. எண்ணிக்கையில் குறைந்தவை நாக்குக் குழாய்கள்தான் என்பதால் சுருதி சேர்ப்பவர் அவற்றைச் சரிசெய்வார். இதைவிடப் பெரிய ஆபத்து ரசனை மாறுவது. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் காலத்துக் கூர்மையான ஒலி மேல் மோகம் வந்து, விக்டோரியா ராணி காலத்து ஆர்கன்கள் பலவற்றின் கனத்த குழாய்களை வெட்டினார்கள், கழற்றினார்கள். வெட்டிய குழாய் திரும்ப வளராது. 1976-ல் தொடங்கிய பிரிட்டிஷ் ஆர்கன் ஆய்வுக் கழகம் இப்போது வரலாற்று மதிப்புள்ள ஆர்கன்களுக்குத் தரம் குறித்துச் சான்றிதழ் தருகிறது. இங்கிலாந்துத் திருச்சபைக்குள் ஓர் ஆர்கனைப் பெரிதாக மாற்ற வேண்டுமென்றால் மறைமாவட்டத்தின் சட்டபூர்வ அனுமதி வேண்டும். தாமதமாக வந்த பாதுகாப்பு, ஆனாலும் வந்ததே.

இவ்வளவும் எதற்கு? கச்சேரிக்கு அல்ல. காணிக்கை நேரத்தில் குருவானவர் தூபக்கலசத்தோடு பீடத்தைச் சுற்றி வருவார். பாடகர்களின் பாட்டு முடிந்துவிடும், தூபம் முடிந்திருக்காது. அந்த இடைவெளியை ஆர்கன் வாசிப்பவர் அந்த நிமிடமே கற்பனையாக வாசித்து நிரப்ப வேண்டும். பாடி முடித்த பாட்டின் மெட்டிலிருந்தே ஓர் இழையை எடுத்து, கண்ணாடியிலோ சிறு திரையிலோ பீடத்தைப் பார்த்தபடி வளர்த்துக்கொண்டே போவார். குருவானவர் திரும்பி நின்றதும் சரியான சுருதியில் வந்து முடிய வேண்டும், அடுத்த வரியை அவர் பாட எடுக்கும் சுரமும் அதுதான். கைதட்டல் கிடையாது. எத்தனை நிமிடம் வாசிக்க வேண்டும் என்று முன்கூட்டி யாரும் சொல்ல மாட்டார்கள். அழகான ஒரு வளைவைத் தொடங்கியிருப்பார், அதற்குள் தூபம் முடிந்துவிடும், அங்கேயே விட்டுவிட வேண்டியதுதான். இங்கே இசைக்கு எஜமான் பீடம் என்பது என் எண்ணம். இந்த இசையைக் குறுந்தட்டில் கேட்பதற்கும் ஆலயத்தில் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் முழுக்க அந்த இடைவெளியில் இருக்கிறது.

லண்டன் போகும் வாய்ப்பு வந்தால், ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸ் நிலையத்திலிருந்து ஆல் செயின்ட்ஸ் நடந்து போகும் தூரம்தான். டிக்கெட் இல்லை, ஆங்கிலிக்கராக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. காலைத் திருப்பலியோடு நிறுத்திவிடாமல் மாலை ஜெபத்துக்கும் போங்கள். சங்கீதம், மரியாளின் பாட்டு, சிமியோனின் பாட்டு எல்லாம் குழு பாடும். அதைத் தொடர்ந்து நற்கருணை ஆசீர் நடந்தால், நம் கத்தோலிக்க வாசகர்களுக்கு ஒரு சிலிர்ப்பு காத்திருக்கிறது: 'மாண்புயர் இவ்வருட்சாதனத்தை' என்று நாம் முழங்காலில் நின்று பாடும் அதே பாட்டு அங்கேயும் வரும். முடிந்ததும் ஆர்கன் முழு ஸ்டாப்புகளோடு எழும், மக்கள் பேசிக்கொண்டே வெளியேற ஆரம்பிப்பார்கள். நீங்கள் உட்கார்ந்திருங்கள். கடைசிச் சுரத்திலிருந்து வாசிப்பவர் கையை எடுத்தபின்னும் அந்தச் செங்கல் சுவர்கள் கொஞ்ச நேரம் அதை வைத்திருக்கும்.